அந்தப் படம் வேறு யாருடையதோ

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்து, வெயில் மறுபடி சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. மாட்டுங்காவில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, நவி மும்பையில் என் மகள் படிக்கும் மருத்துவக் கல்லூரிக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பெற்றோரை அழைத்துக் காட்டும் நாள் அது. மனைவி பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். நான் அலுவலகத்துக்குப் போடும் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். ஆனால் இரண்டு முறை இஸ்திரி போட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஆனால் பாதிக் கவனம் செல்போனில்தான் இருக்கும். மகள் ரயில் ஏறினால் ஒரு மெசேஜ் வர வேண்டும், மாறினால் ஒன்று, கல்லூரி வாசலில் ஒன்று. மழை என்றால் திறந்து கிடக்கும் சாக்கடை, கூட்டம் என்றால் ரயில் கதவு, வெயில் என்றால் மயக்கம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பயம் வைத்திருந்தேன். ஒரே மகள் என்பது மட்டும் காரணமில்லை. நான் அப்படித்தான்.

மகளுக்கு ஒரு தோழி உண்டு. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்த பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே ரயில். அந்தப் பெண் எனக்கு வைத்திருந்த பெயர் ‘கண்ட்ரோல் ரூம்’. "ஏட்டி, கண்ட்ரோல் ரூமுக்கு ரிப்போர்ட் குடுத்தாச்சா? இல்லன்னா அங்கிள் ரயில நிறுத்திருவாவ" என்று ரயிலிலேயே கிண்டல் செய்வாளாம். என் முன்னாலும் செய்வாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. என் மகளோடு யாரோ ஒருத்தி கூடவே இருக்கிறாள் என்ற நிம்மதி அதில் இருந்தது.

அன்றைக்கு எங்களைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவாகக் கூட்டிப் போனார்கள். எங்கள் குழுவை ரேடியாலஜி பிரிவில், வயிற்று ஸ்கேன் எடுக்கும் சோனோகிராஃபி அறைக்கு அழைத்தார்கள். உள்ளே போனால் கட்டிலில் என் மகளே படுத்திருந்தாள்! சுரிதாருக்கு மேலே ஒரு துணி போர்த்தி, வயிற்றுப் பகுதி மட்டும் கொஞ்சம் தெரியும்படி விட்டிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் அந்தத் தோழி. எங்களைப் பார்த்ததும் இருவரும் கண்ணால் ஏதோ பேசிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். முன்பே தெரியும் போலிருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை.

பேராசிரியை ஒரு மராட்டியப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து, எல்லாருக்கும் புரியும்படி விளக்கினார். முன்பெல்லாம் மாணவர்கள் நிஜ நோயாளிகளிடம்தான் கற்றுக்கொள்வார்களாம். வலியில் துடிக்கிற ஒருவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்க்கும். இப்போது அந்தத் துன்பம் யாருக்கும் இல்லை. ஆரோக்கியமான ஒருவர் நோயாளி போலப் படுத்து நடிப்பார். அவர் உடம்பில் சில ஸ்டிக்கர்களை ஒட்டுவார்கள். பயிற்சிக்கான கருவியை ஒரு ஸ்டிக்கரின் மேல் வைத்தால், கம்ப்யூட்டர் தன் சேமிப்பிலிருந்து அந்த இடத்துக்குரிய ஒரு நோய்ப் படத்தைத் திரையில் காட்டும். மாணவர் அதைப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னாலும் யாருக்கும் ஆபத்தில்லை.

எல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் என்ன? மனதுக்குப் புரியவில்லை.

விளக்கைக் குறைத்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டு வந்த பெண் என்று கதையைச் சொன்னார் பேராசிரியை. மகள் முனக ஆரம்பித்தாள். பள்ளி நாட்களில் எங்கள் பேட்டையின் பிள்ளையார் சதுர்த்தி நாடகங்களில் நடித்தவள். முனகல் தத்ரூபமாக இருந்தது. நெளிந்துகொண்டே இருந்ததால் தோழியால் கருவியை வைக்க முடியவில்லை.

"ஏட்டி, இப்பிடி ஆடுனா எப்பிடிப் பாக்க? சும்மா கெட" என்று அவள் தமிழில் அதட்டியது எங்கள் இருவருக்கும் மட்டும் புரிந்தது.

சுவரில் பெரிதாகப் படம் வந்தது. சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைவு. அதன் நடுவே கறுப்பாக ஒரு பட்டை. அது என்ன என்று பேராசிரியை கேட்டார். ரத்தம் என்றாள் தோழி. உள்ளே ரத்தம் கசிந்து, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே தேங்கியிருக்கிறது என்றாள். அந்த நேரம் பார்த்து என் மகள் "ஆ..." என்று அலறினாள்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன், எப்படிக் கட்டில் வரை போனேன் என்று தெரியவில்லை. "நிறுத்துங்கோ, முதல்ல நிறுத்துங்கோ" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு மகளின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

 அறையில் சிரிப்பு வெடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு குஜராத்தி அப்பா, "அரே பாய்சாப், இண்டர்வெல் தக் தோ ருகோ!" என்றார். இடைவேளை வரையாவது பொறுக்கக் கூடாதா என்று அவர் கேட்டதும் சிரிப்பு இன்னும் கூடியது. மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வெட்கம்.

"அப்பா! இது டிராமா. அந்தப் படம் என்னோடது இல்லை. போய் உக்காரேன், ப்ளீஸ்."

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, பயப்படாதீர்கள், அது வேறு யாரோ ஒரு பழைய நோயாளியின் படம், உங்கள் மகளுக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினேன். மனைவி என்னை இழுத்து உட்கார வைத்து, "மானத்தை வாங்கறதுக்குன்னே கிளம்பி வந்தேளா? இனிமே எது நடந்தாலும் வாயைத் திறக்கப்படாது" என்று காதருகே சொன்னாள்.

சரி என்று முடிவு செய்தேன். இனி எது நடந்தாலும் ஏமாறக் கூடாது.

பேராசிரியை அடுத்ததாக, ஆரோக்கியமான வயிறு நிஜத்தில் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார். நோயை அறிய வேண்டுமானால் நோயில்லாத உடம்பை முதலில் அறிய வேண்டும் என்றார். தோழி ஸ்டிக்கர்களை உரித்தாள். நிஜ சோனோகிராஃபி மெஷினை இயக்கி, மகள் வயிற்றில் ஜெல் தடவி, நிஜக் கருவியை வைத்தாள். சுவரில் மறுபடி படம். எனக்கு இரண்டு படத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதே சாம்பல், அதே அசைவு.

தோழி கல்லீரலைக் காட்டினாள். பித்தப்பையைக் காட்டினாள். கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினாள். நகர்த்திய கை அங்கேயே நின்றது. பின்னால் கொண்டு போனாள், மறுபடி முன்னால் வந்தாள். மறுபடியும் நின்றது.

"மேம்..." என்றாள்.

பேராசிரியை அருகில் போனார். திரையைப் பார்த்தார். கருவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அறை அமைதியாகிவிட்டது. ஏசியின் சத்தம் மட்டும். சுவரில் இருந்த படத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி முளைத்தது. பிறகு எதிர்ப்பக்கம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் புள்ளிப் புள்ளியாய் ஒரு கோடு ஓடியது. எதையோ அளக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

மகள் இன்னும் தன் வேஷத்திலிருந்து வெளியே வரவில்லை. திரை அவள் தலைக்குப் பின்னால் இருந்ததால் எதையும் பார்க்கவும் இல்லை. அமைதி நீண்டதும் கதை தொடர்கிறது என்று நினைத்துவிட்டாள். பலவீனமான குரலில், ஹிந்தியில், "டாக்டர், மைன் பச் ஜாவூங்கி நா?" என்று கேட்டாள். நான் பிழைத்துவிடுவேனா என்று. அந்த அப்பாவித்தனமான குரலுக்கு எல்லாரும் சிரித்தோம். பேராசிரியை கருவியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

ஆகா, இது இரண்டாவது காட்சி என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு முறை பயந்த ஆள் மறுபடி பயப்படுகிறானா என்று பார்க்கிறார்கள். என்ன நடிப்பு! அந்த அம்மாள் முகத்தைப் பாருங்கள், நிஜம் போலவே இருக்கிறது. மாட்டுங்காவில் சபாக் கச்சேரிகளில் உட்கார்ந்து பழகியவன் நான். பாடகர் கடைசி ஸ்வரத்தில் நின்று, சபை மூச்சை அடக்கியிருக்கும் நேரத்தில் முதல் கைதட்டல் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். அன்றும் அப்படித்தான் செய்தேன். கை தட்டினேன். பலமாக. குஜராத்திக்காரர் சேர்ந்துகொண்டார். பிறகு எல்லாரும்.

தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் யாருக்கும் விவரிக்க முடியவில்லை.

பேராசிரியை திரையை அணைத்தார். இன்றைக்கு இவ்வளவுதான், நன்றி என்றார். எல்லாரும் வெளியே வந்தோம். பின்னால் வந்த தோழியை வராந்தாவில் நிறுத்தி, "நன்னா நடிச்சேம்மா. அந்த ‘மேம்’னு நிறுத்தினே பாரு, நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்" என்றேன்.  அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பாராட்டினால் வெட்கம் என்று மனைவியிடம் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. அவள் எனக்கு முன்பே ஏதோ உணர்ந்திருக்கிறாள்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஜெல் அப்படியே இருந்தது. திரையை மறுபடி இயக்கியிருந்தார்கள். இந்த முறை அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இப்படி எத்தனையோ படங்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தக் கூட்டல் குறிகள் இரண்டும் அங்கேயே இருந்தன.

"என்னடி, இன்னும் டிராமா முடியலையா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் உடைந்திருந்தது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அப்பா, இந்தப் படம் என்னோடது."

வலது சிறுநீரகத்தின் மேல், இருக்கக் கூடாத ஒரு கட்டி.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் விவரமாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. பரேலில் பெரிய ஆஸ்பத்திரி. ஊசி வைத்துத் திசு எடுத்தார்கள். புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம் என்று சொன்ன அன்று, சபா வாசலில் இருக்கும் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். உடைப்பதற்குள் அடுத்த ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முதல் மருந்து கேட்கவில்லை, இது இரண்டாவது. டாக்டர்கள் முதலில் குணமாகும் என்றார்கள். பிறகு கட்டுப்படுத்தலாம் என்றார்கள். இப்போது பார்க்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லாக அவர்கள் இறங்கி வருவது எனக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. அவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரிகிறது, அதுதான் கொடுமை. ரிப்போர்ட் வந்தால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். மற்றப் பெற்றோர்களுக்குப் பொய் சொல்லவாவது வழியிருக்கிறது.

உறவினர்கள் வந்தால் தவறாமல் ஒன்றைச் சொல்கிறார்கள். நல்ல வேளை, அன்னிக்கே தெரிஞ்சுடுத்து, பகவான்தான் அவளை அந்தக் கட்டில்ல படுக்க வெச்சார் என்று. நான் தலையை ஆட்டுகிறேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்தப் பேராசிரியையிடமே கேட்டேன், அன்றைக்குத் தெரிந்தது அதிர்ஷ்டம்தானே என்று. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம் என்றார். அந்த ஒரு வருடமும் மகள் அவ்வப்போது முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ரயிலில் நின்றுகொண்டே போவதால் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். உட்கார இடம் கிடைத்ததா என்று தினமும் மெசேஜில் கேட்டேன். உலகத்தில் இருக்கிற எல்லா ஆபத்தையும் வெளியில் தேடிக்கொண்டிருந்தேன், சாக்கடையில், ரயில் கதவில், மழையில்.

தோழி வாரா வாரம் வருகிறாள். லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். ஆரம்பத்தில் என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். ஒரு நாள் சமையலறையில் என்னிடம் தனியாக, "அங்கிள், அன்னைக்கி என் கைய கொஞ்சம் வேற பக்கம் வச்சிருந்தா அது கண்ணுலயே பட்டிருக்காது. இன்னும் கொஞ்ச நாளு அவ சிரிச்சிக்கிட்டு இருந்திருப்பாளே" என்றாள்.  அந்தக் குழந்தை ஒரு நோயைக் கண்டுபிடித்ததற்காக அழுதுகொண்டிருக்கிறாள். "நீ செஞ்சது சரிதாம்மா" என்று சொன்னேன். கை தட்டியவன் நான் என்று சொல்ல வாய் வந்தது. அது அவளுக்குத் தெரியாததா?

இப்போது கச்சேரிகளுக்குப் போவதில்லை. போனாலும் கை தட்ட வராது.

மூன்று மாதத்துக்கு முன்னால் மகள் ஓர் ஏற்பாடு செய்தாள். தன்னுடைய படங்களைப் பெயரை எடுத்துவிட்டுக் கல்லூரியின் பயிற்சிக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளும்படி பேராசிரியையிடம் அவளே கேட்டிருக்கிறாள். அவர் தயங்கினாராம். விஷயம் தெரிந்ததும் நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. உன் உடம்பு என்ன பாடப் புத்தகமா, யார் யாரோ பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், எனக்குச் சம்மதம் இல்லை என்றேன். அவள் தலையணையில் சாய்ந்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். தலையில் முடியில்லை, ஒரு பருத்தித் துணியைக் கட்டியிருந்தாள்.

"கத்தி முடிச்சாச்சா?" என்றாள். "அன்னிக்கு அந்த ரத்தப் படம் யாரோ குடுத்ததுதானேப்பா. அவா குடுக்கலைன்னா நாங்க எதைப் பாத்துக் கத்துப்போம்?"

"அது வேற, இது வேற."

"ஒண்ணும் வேற இல்லை. ஸ்டிக்கர் ஒட்டினா வரும், எடுத்தா போயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "கட்டில்ல படுக்கறவாளுக்குப் போயிடும்ப்பா."

நான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். 

போன வாரம் தோழி வந்திருந்தபோது, மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் படங்கள் பாடத்தில் வந்துவிட்டனவா என்று நான்தான் கேட்டேன். அவள் சொல்லத் தயங்கினாள். வற்புறுத்தியதும் சொன்னாள். ஜூனியர் வகுப்பில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினார்களாம். சுவரில் கட்டியைப் பார்த்ததும் படுத்திருந்த பெண் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். பேராசிரியை அவள் தோளைத் தொட்டு, பயப்படாதே, இது வேறு யாரோ ஒரு பழைய நோயாளியின் படம் என்றாராம்.

"அவ என்னம்மா பண்ணினா?" என்று கேட்டேன்.

"சிரிச்சா, அங்கிள்" என்றாள் தோழி.

உள்ளே மகள் இருமும் சத்தம் கேட்டது. தோழி எழுந்து போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என் தோளில் பட்ட கையும், அதே வார்த்தைகளும், எனக்கு வந்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. ரத்தம் கசிந்த அந்த வயிறு ஆணுடையதா பெண்ணுடையதா, அவர் பிழைத்தாரா என்று நான் கேட்கவே இல்லை. வேறு யாரோ என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு அத்தனை நிம்மதி இருந்தது. அந்த வேறு யாரோவுக்கும் எங்கேயோ ஓர் அப்பா உட்கார்ந்திருப்பார் என்பது, அந்த இடத்தில் நானே வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.